ரிக்‌ஷா நிற்கும் வாசல்

1950-களின் நடுவில் ஏதோ ஒரு சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. ஜாலான் பெசார் சாலையில், நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் வளைவு வாசலுக்கு எதிர்ப்பக்கம், ஒரு கோப்பிக்கடைத் தூணோரம் ஒதுங்கி நிற்கிறோம். யாரிடமும் பேசப்போவதில்லை. கண் கொண்ட மட்டும் பார்க்கலாம்.

வாசலை முதலில் நிரப்புபவை சைக்கிள் ரிக்‌ஷாக்கள். நம் ஊரில் சவாரி பின்னால் உட்காரும், பினாங்கில் முன்னால் உட்காரும். சிங்கப்பூர் ரிக்‌ஷாவில் இருக்கை மிதிப்பவருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறது. உட்கார்ந்து வருகிறவரின் தோளும் மிதிக்கிறவரின் முழங்காலும் ஏறக்குறைய ஒரே மட்டம். அதனால்தானோ என்னவோ, வழியெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே வருகிறார்கள். கூலி பேசியது போதாதென்று ஊர் நடப்பும் பேசுகிறார்கள்.

ஒரு வண்டி வந்து நிற்கிறது. மிதிப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். சீனர். கெண்டைக்கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகத் தெரிகின்றன. இறங்குவது ஒரு மலாய்க் குடும்பம்: அப்பா, சாரோங் கெபாயா உடுத்திய அம்மா, இரண்டு பிள்ளைகள். நால்வரையும் அவர் ஒருவரே மிதித்துக் கொண்டுவந்திருக்கிறார். காசை வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்துத் துண்டால் இருக்கையை ஒரு தரம் துடைக்கிறார். பிறகு வண்டியை மற்ற வண்டிகளோடு வரிசையில் விட்டுவிட்டு, சாலையைக் கடந்து நாம் நிற்கும் கடைக்கே வருகிறார். ஒரு கோப்பி. அதைத் தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சுகிறார். சுவரில் ரெடிஃபியூஷன் பெட்டி பேசிக்கொண்டிருக்கிறது. கம்பி வழியாக வீட்டுக்கும் கடைக்கும் வரும் வானொலி அது. 1949-ல் தொடங்கியது, மாதம் ஐந்து வெள்ளி, அதாவது டாலர். ஐந்து வெள்ளி கட்ட முடியாதவர்கள் கோப்பிக்கடையில் வந்து கேட்கிறார்கள். கான்டனீஸில் கதை சொல்லும் லீ டாய் சோரின் குரல் வந்துவிட்டால் கடையில் கரண்டிச் சத்தம்கூடக் குறைந்துவிடுகிறது. நம் ரிக்‌ஷாக்காரர் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு கேட்கிறார். அவர் பூங்காவுக்குள் போகவில்லை. அடுத்த சவாரி வரும்வரைதான் அவருக்குக் கதை.

நாம் உள்ளே போவோம்.

நியூ வேர்ல்டு 1923-ல் திறந்தது. அதற்குப் பின் கிம் செங் சாலையில் கிரேட் வேர்ல்டு, கேலாங் பக்கம் ஹாப்பி வேர்ல்டு என்று இன்னும் இரண்டு வந்தன. மூன்று உலகங்களும் இரவில்தான் விடியும். ஒரு நுழைவுச் சீட்டுக்கு உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. இந்தப் பக்கம் சீன ஓபரா மேடை; முகத்தில் சிவப்பும் வெள்ளையும் பூசிய தளபதி, தாளம் அதிர அதிரக் கொடி வீசுகிறான். நாலெட்டு வைத்தால் மைக் முன்னால் மாண்டரின் பாட்டு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் இதே பூங்காவில் வேர்விட்ட கெத்தாய் மேடை. அதற்கப்பால் சினிமாக் கொட்டகை, குத்துச்சண்டைக் கூடம், துப்பாக்கி சுடும் கடை, சாத்தே சுடும் புகை. ஒரு மேடையின் தாளம் முடியும் முன்பே அடுத்த மேடையின் வயலின் காதில் விழுகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தமிழர்கள் வெளுத்த வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாய்க் கூட்டமாக வருகிறார்கள். மாற்றுடையில் வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் முடிவெட்டிலேயே அடையாளம் தெரிகிறார்கள். ஒரு சீக்கியர் தன் பையனைத் தோளில் தூக்கிக் குத்துச்சண்டை விளம்பரத் தட்டியைக் காட்டுகிறார்.

மல்யுத்தம் பார்க்க வேண்டுமானால் ஹாப்பி வேர்ல்டு அரங்குக்குப் போக வேண்டும். ஹங்கேரிக்காரரான எமில் சாயா ‘கிங் காங்’ என்ற பெயரில் கர்ஜித்தது அங்கேதான். பஞ்சாபிலிருந்து பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்த தாரா சிங் பயில்வானாகத் தேறியதும் இந்த ஊரில்தான். பின்னால் இந்த இருவர் பெயரையும் சொன்னாலே தமிழ்நாட்டில் கூட்டம் கூடியது. அந்தப் புகழுக்குச் சீட்டு வாங்கியவர்களில் கேலாங்கின் கூலித் தொழிலாளர்களும் உண்டு.

கூரை தாழ்ந்த ஒரு கொட்டகையில் பங்சாவான் நாடகம் நடக்கிறது. பம்பாயிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து மலாய்க்காரர்கள் உருவாக்கிக்கொண்ட இசை நாடகம் அது. தமிழ் கம்பெனி நாடகங்களும் அதே பார்சி மேடையிடமிருந்துதான் திரைச்சீலைகளையும் அரண்மனைக் காட்சிகளையும் எடுத்துக்கொண்டன. நம்மில் பழைய நாடகம் பார்த்த யாரையாவது இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தால், மொழி புரியாவிட்டாலும் அடுத்து என்ன வரும் என்று சொல்லிவிடுவார். ஆனால் பாதி இருக்கை காலி. நடிகர்கள் நன்றாகவே நடிக்கிறார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. குழுவில் கெட்டிக்காரர்கள் பலர் ஏற்கெனவே சினிமாவுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் வயதான ராஜாக்களும் வயதான மந்திரிகளும்.

கூட்டம் ஜோகெட் என்ற மலாய் ஆட்டத்தின் மேடையைச் சுற்றி நிற்கிறது. வயலின், அக்கார்டியன், மேளம், ஒரு கோங். மேடையில் பெண்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சீட்டு வாங்கிய ஆண்கள் ஏறி, எதிரே நின்று ஆடலாம். தொடக்கூடாது. பாட்டு முடிந்ததும் இறங்கிவிட வேண்டும். ஒரு லாரி டிரைவர் ஏறுகிறார்; அவருடைய வாரக்கூலியில் ஒரு துளி அந்தச் சீட்டு. ஆட்டம் தெரிந்தவர். கால் தரையில் பட்டதும் தெரியாமல் பின்னுக்குப் போகிறார், பெண் முன்னுக்கு வருகிறாள், இருவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கடைசிவரை அப்படியே இருக்கிறது. கீழே நிற்பவர்கள் சபாஷ் போடுகிறார்கள். அவர் முகத்தில் வருகிற பெருமை வேறு எந்த இடத்திலும் அவருக்குக் கிடைக்காதது.

கபரே மண்டபத்தில் வேறு விதம். பிலிப்பைன்ஸ் வாத்தியக் குழு வாசிக்கிறது. அந்தக் காலத்தில் மலாயாவின் நடனக் கூடங்களை நடத்தியதே அவர்கள் விரல்கள்தான். செங்சாம் என்ற சீன உடை அணிந்த பெண்கள் சுவரோரம் அமர்ந்திருக்கிறார்கள். கூப்பன் புத்தகம் வாங்கியவர் யாரை வேண்டுமானாலும் ஆட அழைக்கலாம். ஒரு பாட்டுக்கு ஒரு கூப்பன். அதில் ஒரு பங்கு மண்டபத்துக்கு, மீதி அவளுக்கு. ஓரத்து மேஜையில் ஒருத்தி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடைத்த அரை நிமிடத்தில், மேஜைவிரிப்புக்கு அடியில் செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொள்கிறாள். மடியிலுள்ள சின்னப் பையைத் திறந்து கூப்பன்களைத் தடவி எண்ணுகிறாள். கண்ணை மட்டும் மண்டபத்தை விட்டு எடுக்கவில்லை. அடுத்த ஆள் எதிரே வந்து நின்றதும் செருப்பு காலுக்குப் போகிறது, சிரிப்பு முகத்துக்கு வருகிறது.

இவர்களை ஊர் என்ன பேசியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டும். 1946-ல், போர் முடிந்து சோற்றுக்கே தட்டுப்பாடான நேரத்தில், ஹாப்பி வேர்ல்டு கபரேயின் நடனப் பெண்கள் சேர்ந்து பணம் போட்டு ஏழைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். முன்னின்றவர் ஹெ யான் நா என்ற நடனப் பெண். ஹாப்பி தர்மப் பள்ளி என்று பெயர். கேலாங்கில் நடந்தது. கட்டணம் கிடையாது, புத்தகமும் இலவசம். போரில் படிப்பை இழந்த பிள்ளைகள் அங்கே எழுத்துக் கூட்டினார்கள். மேஜைக்கு அடியில் தேய்த்த அந்தக் குதிகால்களின் சம்பாத்தியத்தில் சிலேட்டும் சாக்கட்டியும் வந்தன. சிங்கப்பூரின் அந்தப் பத்தாண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் திரையரங்கு முதலாளிகளைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும், அதற்கு முன் இந்தப் பெண்களுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு கூப்பனும் சீட்டும் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

1950 ஜூனில் கொரியாவில் போர் வெடித்தது. அமெரிக்கா ரப்பரையும் வெள்ளீயத்தையும் வாங்கிக் குவிக்கத் தொடங்கியது. 1949-ல் ராத்தல் 40 காசுக்கும் கீழே கிடந்த ரப்பர், 1951 தொடக்கத்தில் இரண்டு வெள்ளியைத் தாண்டியது. மலாயாவின் ரப்பரில் கணிசமான பகுதி சிங்கப்பூர் துறைமுகம் வழியாக உலகுக்குப் போகும். தரகர் கையில் பணம், கிட்டங்கிக்காரர் கையில் பணம், லாரிக்காரர் கையில் பணம். சனிக்கிழமை இரவு அது மூன்று உலகங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அந்த ரப்பரின் இன்னொரு முனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம் மனிதர்கள். விடியும் முன்பே பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, இருட்டில் மரத்துக்கு மரம் ஓடி, பட்டையை மெல்லிசாகச் சீவி, கோப்பையில் பால் சொட்ட வைத்தவர்கள். வெயில் ஏறினால் பால் கட்டிவிடும். அதனால்தான் அந்த ஓட்டம். கூலியை உயர்த்தக் கேட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டிருந்தார். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வந்த அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. விலை ஏறியபோது கூலியும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. ஆனால் விலை ஏறிய வேகத்தில் ஏறவில்லை. தோட்டக் குடியிருப்பான லயத்து மக்களுக்குக் கேளிக்கை என்பது தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டுக் கட்டிய வெள்ளைத் துணிதான். லாரியில் புரொஜெக்டர் வரும், ஜெனரேட்டர் உறுமும், தமிழ்ப் படம் ஓடும். துணியின் இந்தப் பக்கம் இடமில்லாவிட்டால் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். படத்தில் எல்லோரும் இடதுகையால் வாள் வீசுவார்கள். யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

ரப்பர் கோடீஸ்வரர்களில் டான் லார்க் சை முக்கியமானவர். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்காரர். 1953-ல், தென்கிழக்கு ஆசியச் சீனர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சொல்லி ஐம்பது லட்சம் வெள்ளி தர முன்வந்தார். நன்யாங் பல்கலைக்கழகம் அப்படிப் பிறந்தது. ஐம்பது லட்சம் என்பது கண்ணைப் பறிக்கும் தொகை. நான் பார்க்க விரும்புவது 1954 ஏப்ரலில் ஒரு நாளை. அன்று 1,500-க்கும் மேற்பட்ட சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் நாள் முழுக்க மிதித்தார்கள். கிடைத்த கூலி அத்தனையும் பல்கலைக்கழகத்துக்கு. தெரிந்தே ஜனங்கள் ஏறினார்கள், தெரிந்தே கூடுதலாகக் கொடுத்தார்கள். 20,000 வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. மறுநாள் காலையில் வீட்டில் அரிசி வாங்கக் காசு இருந்திருக்குமா தெரியாத மனிதர்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் ஏராளம். நடனப் பெண்களும் பல்கலைக்கழகத்துக்கென்றே இரவுகளை ஒதுக்கி ஆடினார்கள். தங்கள் காலால் சம்பாதிப்பவர்கள் இரு தரப்பும்.

கோப்பியைத் தட்டில் ஊற்றிக் குடித்தவர் அந்த 1,500 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம்.

இப்போது பாலஸ்தியர் சாலைப் பக்கம் நடப்போம். நியூ வேர்ல்டிலிருந்து அதிக தூரமில்லை. ஜாலான் அம்பாஸ், எட்டாம் எண். ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ். 1947 முதல் 1967 வரை இந்த வளாகத்துக்குள் 150-க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் எடுக்கப்பட்டன. காலை நேரம். வாசலில் மூன்று நாலு பேர் வேலை கேட்டு நிற்கிறார்கள். உள்ளே தச்சர்கள் நேற்றைய அரண்மனையைப் பிரித்து இன்றைய மலாய்க் கிராமத்து வீட்டைக் கட்டுகிறார்கள்.

பணம் ஷாங்காயிலிருந்து வந்த சீனர்களுடையது. கேமராவுக்குப் பின்னால் சீனர்கள். முன்னால் மலாய் நடிகர்கள், பாதிப் பேர் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள். இயக்குநர் நாற்காலியில் இந்தியர். முதல் மலாய்ப் படத்தையே 1930-களில் எடுத்தவர் பஞ்சாபியரான பி. எஸ். ராஜ்ஹன்ஸ். அவருக்குப் பின் வங்காளத்து ஃபணி மஜும்தார், மலையாளியான பி. என். ராவ், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். நம்மவரான கிருஷ்ணனுக்கு மலாய் பேச்சு வீட்டு வாசலிலேயே பழகியது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய வசனத்தை உதவியாளர் ஒருவர் மலாயில் ஆக்கித் தருவார்.

அந்த உதவியாளரைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். தட்டச்சு செய்த தாள்கள் முழங்காலில் கிடக்கின்றன. வரிக்கு வரி பென்சிலால் எழுதுகிறார், அடிக்கிறார், முணுமுணுத்துப் பார்க்கிறார். தாயின் காலில் மகன் விழுந்து புலம்பும் கட்டம். ஒரு மலாய்ப் பிள்ளை அப்படிச் செய்வானா? எழுந்து இயக்குநரிடம் போகிறார், ஏதோ சொல்கிறார். இயக்குநர் யோசிக்கிறார். விளக்குச் சூட்டில் இருவர் சட்டையும் முதுகோடு ஒட்டியிருக்கிறது. பிறகு நடிகையிடம் இருவரும் போகிறார்கள். அவர் தன் வழியில் ஒரு முறை பேசிக் காட்டுகிறார். சீனக் கேமராக்காரர் தலையசைக்கிறார். அப்படியே எடுக்கிறார்கள். மூன்று மொழிக்காரர்கள் ஒரு சொல்லுக்காகப் பத்து நிமிடம் வேர்த்து நிற்பதை எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட முடியாது. படம் முடிந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தார்கள்.

எல்லா நேரமும் இவ்வளவு சுமுகமாக முடியவில்லை. இந்தப் படங்களில் மலாய்க்காரர்கள் இந்தியர்களைப் போல நடந்துகொள்கிறார்கள் என்று மலாய் எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் கண்டித்தார்கள். கண்டித்ததில் நியாயம் இருந்தது. பதில் ஸ்டூடியோவுக்குள்ளிருந்தே வந்தது.

1948-ல் பினாங்குக்கு எதிர்க்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விவசாயத் திருவிழா. மேடையில் பாடிய இளைஞனை ராஜ்ஹன்ஸ் கேட்டார், சிங்கப்பூருக்கு வா என்றார். அந்த இளைஞர்தான் பி. ராம்லி. வந்தவர் பின்னணி பாடினார், சின்ன வில்லன் வேடம் கட்டினார், ஸ்டூடியோவில் கிடைத்த எடுபிடி வேலையெல்லாம் செய்தார், செய்துகொண்டே கற்றார். 1950-ல் எல். கிருஷ்ணன் தன் ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். அழகன் இல்லை, முகத்தில் பருத்தழும்பு. அவரையா நாயகனாகப் போடுவது என்று தயங்கியிருக்கக்கூடிய காலத்தில் ஒரு தமிழ் இயக்குநர் அந்தத் துணிச்சலைக் காட்டினார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. 1955-ல் ராம்லி தானே இயக்கிய முதல் படம் வந்தது. பெயர் ‘பெனாரிக் பேச்சா’. ரிக்‌ஷாக்காரனின் கதை.

தமிழில் எம்.ஜி.ஆரின் ‘ரிக்‌ஷாக்காரன்’ வர இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன. ராம்லியின் ரிக்‌ஷாக்காரன் அடிதடி வீரன் இல்லை. ஏழை. பணக்கார வீட்டுப் பெண் அவனை விரும்புகிறாள். அவள் அப்பனுக்கு அவன் மனிதனாகவே தெரியவில்லை. படம் மலாய் வாழ்க்கையின் நடையில் நடக்கிறது, மலாய்க்காரர்கள் கோபப்படுகிற விதத்தில் கோபப்படுகிறது. கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள் தங்கள் தெருவைத் திரையில் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு மஜும்தார் ‘ஹாங் துவா’வை வண்ணத்தில் எடுத்தார், ராம்லியின் இசைக்கு ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் விருது கிடைத்தது. 1957-ல் தோக்கியோவில், ‘அனக்கு சசாலி’யில் தந்தையாகவும் மகனாகவும் நடித்ததற்கு இன்னொரு விருது. விவசாயத் திருவிழாவில் பாடிய பையனுக்கு ஒன்பதே ஆண்டில் இவ்வளவு.

ஆனால் மாதச் சம்பளம்தான். நட்சத்திரமானாலும் ஸ்டூடியோ ஊழியர். படம் எத்தனை முறை மறுபடி ஓடினாலும் அவருக்கு அதில் பங்கில்லை. விளக்குப் பிடிக்கிறவர், துணி தைக்கிறவர், கூட்டத்தில் நிற்கிறவர் நிலை இன்னும் கீழே. கலைஞர்கள் பெர்சாமா என்ற சங்கம் அமைத்தார்கள், ராம்லியே தலைவர். 1957-ல் சங்கத்தைச் சேர்ந்த சிலரை நிர்வாகம் நீக்கியதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. வாசலில் தட்டிகளோடு நிற்பவர்களைப் பார்க்கிறோம். திரையில் இளவரசியாக வருகிறவர் மற்றவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறார். சுல்தானாக நடிப்பவர் வெயிலில் குடைகூட இல்லாமல் நிற்கிறார். வேடிக்கை பார்க்க வந்த பாலஸ்தியர் சாலைக்காரர்கள் வேடிக்கையை மறந்து பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். மூன்று வாரம் போல நீடித்து உடன்பாட்டில் முடிந்தது. மலாய்ப் படவுலகின் பொற்காலம் என்று விருதுப் பட்டியலைச் சொல்லும்போது இந்த மூன்று வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழிலாளிக்கு மானம் உண்டு என்று திரையில் காட்டியவர்கள் தெருவிலும் அதையே சொன்னார்கள்.

போட்டி ஸ்டூடியோவான கேதே-கெரிஸ் கிழக்குக் கரையில் இருந்தது. பி. என். ராவ் 1957-ல் அங்கே எடுத்த ‘பொந்தியானாக்’, பிரசவத்தில் இறந்த பெண் பேயாகத் திரிவாள் என்ற மலாய் நம்பிக்கையிலிருந்து பிறந்த படம். மரியா மெனாடோ நடித்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். கான்டனீஸில் குரல் மாற்றியும் ஓடியது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. வாரக்கணக்கில் ஒரு நகரமே வரிசையில் நின்று பார்த்த படம், சொல்வதற்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. படப்பெட்டிகளைக் காப்பாற்றி வைக்காத குற்றத்தில் நம் தமிழ்ப் படவுலகுக்கும் பங்குண்டு. ஊமைப்படங்களில் நம்மிடம் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த இழப்பைக் கேள்விப்படும்போது அது அயலூர்ச் செய்தியாகப் படவில்லை.

ஓவியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லியு காங், சென் சோங் ஸ்வீ, சென் வென் ஷி, சியோங் சூ பியெங் நால்வரும் 1952-ல் பாலித் தீவுக்குப் போய்த் திரும்பி, அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் கண்காட்சி வைத்தார்கள். சீனத் தூரிகைப் பயிற்சியும் ஐரோப்பிய வண்ணமும் சேர்ந்த கையால் வெப்பமண்டல உடல்களை வரைந்தார்கள். ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் வேர்வையோடு நடந்ததுதான் அந்த ஓவியத் துணியிலும் நடந்திருக்கிறது. ஆனால் ஜோகெட் மேடைக்காரர்கள் யாரும் அந்தக் கண்காட்சிக்குப் போயிருக்க மாட்டார்கள்.

1959 ஜூன். தன்னாட்சி வந்துவிட்டது. பண்பாட்டுத் துறை என்று ஒன்றைப் புதிதாக அமைத்து எஸ். ராஜரத்தினத்திடம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தந்தை வேலை பார்த்த ரப்பர் தோட்டப் பகுதியான சிரம்பானில் வளர்ந்தவர் அவர், பத்திரிகைக்காரர். அவர் துறை தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் மேடை போட்டு ‘அனேக ராகம் ரக்யாட்’ என்ற மக்கள் கலைவிழாவைத் தொடங்கியது. ஆகஸ்டு மாதம் முதல் நிகழ்ச்சி. மலாய் ஆட்டம், சீனப் பாட்டு, இந்திய நடனம், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மேடையில். புல்லில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நியூ வேர்ல்டில் ஒவ்வொரு மேடைக்கும் தனித்தனியாகக் கொடுத்த காசு இங்கே தேவையில்லை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி எழுந்து போகாமல், புரியாத மொழிப் பாட்டுக்கும் கடைசிவரை உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். பூங்காக்களில் முப்பது ஆண்டாகப் பழகிய காதுகள் அவை.

அதே அரசு அதே மாதங்களில், ‘மஞ்சள் பண்பாட்டை’ ஒழிப்பதாகச் சொல்லி ஆபாச ஏடுகளையும் நிர்வாண நடனங்களையும் சூதாட்ட மேஜைக் கூடங்களையும் தடை செய்தது. மாணவர்கள் சில ஆண்டுகளாகவே போராடிக் கேட்டது அது. தடையில் காரணம் இருந்தது. ஆனால் கபரே மண்டபங்களின் மீதும் அந்தப் பார்வை விழுந்தது. சுவரோர நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்களுக்குப் புல்வெளி மேடையில் இடம் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆடிக் கொடுத்த பெண்களை அந்த மேடைக்கு ஒரு நாளாவது அழைத்திருக்கலாம். அழைத்திருந்தால் கூட்டம் கை தட்டியிருக்கும்.

கேலாங்கில் அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் மணி அதற்குப் பிறகும் அடித்தது. பூங்காக்களைத் தொலைக்காட்சி காலியாக்கிய பின்னும், ஜாலான் அம்பாஸில் ஷா நிறுவனம் 1967-ல் கதவை மூடிய பின்னும், பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். 1979-ல்தான் மூடினார்கள்.